பெருமண்டபமும் சிற்றறையும்

ஹிஜ்ரி 4ஆம் நூற்றாண்டின் புவியியலறிஞர் அல்-முகத்தஸீ, ஷீராஸில் புவைஹீ மன்னர் அளுதுத் தவ்லா (மறைவு கி.பி. 983) அமைத்த நூலகத்தைத் தம் ‘அஹ்ஸனுத் தகாஸீ’மில் விவரிக்கிறார். நீண்டதொரு வளைவுக்கூரை மண்டபம். அதன் எல்லாப் பக்கங்களிலும் அறைகள். மண்டபச் சுவரிலும் அறைச் சுவர்களிலும் ஆளுயர அலமாரிகள். அலங்கார மரத்தாலான அவற்றின் கதவுகள் மேலிருந்து இறங்கி மூடும். ஒவ்வொரு கலைக்கும் தனி அலமாரி, தனி நூற்பட்டியல். பிரமுகர்கள் தவிர எவரும் உள்ளே நுழைய இயலாது என்பதையும் அவர் மறைக்கவில்லை.

இப்னு ஸீனா தன்வரலாற்றில் கூறும் புகாராவின் ஸாமானிய அரச நூலகம் வேறு வகை. அங்கே மண்டபத்தைப் பற்றிய பேச்சே இல்லை. பல அறைகள் கொண்ட ஓர் இல்லம். ஓர் அறையில் அரபு மொழியும் கவிதையும், மற்றோர் அறையில் ஃபிக்ஹு என அறைக்கொரு கலை. பெட்டிகளில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய கிதாபுகள். நோயுற்ற மன்னர் நூஹ் இப்னு மன்ஸூருக்கு மருத்துவம் பார்க்க அழைக்கப்பட்ட இளைஞர், அனுமதி கேட்டு உள்ளே சென்றார்.

முகத்தஸீ மண்டபத்திலிருந்து தொடங்குகிறார். இப்னு ஸீனா அறைகளிலிருந்து. முன்னவர் பார்க்க வந்தவர், பின்னவர் படிக்க வந்தவர். பெருவெளி, வருபவனுக்கு இல்மின் விரிவை ஒரே பார்வையில் உணர்த்திவிடும். முதாலஆவில் அமர்ந்தவனுக்கோ முதுகுக்கொரு சுவர் வேண்டும்.

2017 நவம்பரில் வாசகர்களுக்குத் திறக்கப்பட்ட தோஹாவின் கத்தார் தேசிய நூலகத்தை இந்த அளவுகோலால் நோக்கலாம். டச்சுக் கட்டடக் கலைஞர் ரெம் கூல்ஹாஸின் நிறுவனம் வடிவமைத்த இக்கட்டடம், மூலைகள் மடிந்த ஒரே பேரறை. வெண்பளிங்குத் தரையே மேலெழுந்து அலமாரி அடுக்குகளாகிறது. நுழைந்த கணமே நூல்கள் யாவும் கண்முன் நிற்கின்றன. ஷீராஸில் பிரமுகர்க்கு மட்டும் கிட்டிய காட்சி இங்கே பொதுமக்களுக்குக் கிட்டுகிறது. இதைப் பாராட்டாமல் இருக்க முடியாது. தனித்துப் படிக்கும் அறைகளும் இல்லாமல் இல்லை.

ஆயினும் வடிவமைப்பாளர் சிற்றிடத்தை மனத்தில் கொண்டு செதுக்கியது, நடுவே ஆறு மீட்டர் ஆழத்தில் இறக்கப்பட்டுள்ள மரபு நூலகத்தைத்தான். அரிய கையெழுத்துப் பிரதிகளுக்கான இப்பகுதி, பழுப்பு நிற டிராவர்டைன் கல் பாவி, அகழாய்வில் வெளிப்பட்ட பழநகரின் சந்துகள் போல் அமைந்திருக்கிறது. வெண்மைக்கு எதிரே மண்ணிறம், உயரத்துக்கு எதிரே ஆழம் என்ற இந்த முரண் அழகானது. என் தடை ஒன்றே: அது மேலே திறந்திருக்கிறது. பேரறையில் நடப்போர் அதனைக் குனிந்து பார்க்கலாம். பிறர் பார்வைக்குக் கீழே கிடக்கும் இடத்தை அந்தரங்கமானது என்று எப்படிச் சொல்வது? நம் முன்னோரின் கையெழுத்துச் சுவடிகள் அங்கே தோண்டியெடுத்த தொல்பொருளாகத் தோற்றமளிக்கின்றன. இன்றும் மதரஸாவில் சபக்காக ஓதப்படும் நூல்களை அவ்வாறு காட்டுவது எனக்கு உவப்பாயில்லை.

2002இல் திறக்கப்பட்ட புதிய அலெக்சாந்திரியா நூலகம் இதே சிக்கலை வேறு விதமாகத் தீர்த்தது. நார்வேயின் ஸ்னோஹெட்டா நிறுவனம் வடிவமைத்த அதன் கூரை 160 மீட்டர் விட்டமுள்ள சாய்ந்த வட்டு. அதன் கீழே வாசகசாலை 11 நிலைகளாகப் படியிறங்குகிறது. நூலடுக்குகள் ஒவ்வொரு படியின் அடியிலும் ஒதுங்க, வாசகர் படியின் விளிம்பில், வடக்கு நோக்கிய கூரைச் சாளரங்களின் கூசாத வெளிச்சத்தில் அமர்கிறார். முதுகுக்குப் பின்னே நூல்களின் தாழ்ந்த நிழல்; முகத்துக்கு முன்னே பெருவெளி. ஏறத்தாழ 2000 பேர் அமரும் மண்டபத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு திண்ணை வாய்த்தது போலிருக்கிறது. கட்டடத்தின் வெளிச்சுவரில் செதுக்கிய எழுத்துகளைப் பற்றி எழுதியவர்கள் பலர்; இந்தப் படிகளைப் பற்றிப் பேசியோர் குறைவு.

அமெரிக்காவின் நியூ ஹாம்ஷயரில், எக்ஸிட்டர் பள்ளிக்காக லூயி கான் 1971இல் கட்டி முடித்த நூலகம் இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. நடுக்கூடத்தில் மாபெரும் வட்டத் திறப்புகள் வழியே நூலடுக்குகள் தெரிகின்றன. ஆனால் மாணவன் படிக்குமிடம் அதுவன்று. நூலை எடுத்துக்கொண்டு வெளிச்சுவரோரம் சென்றால், சாளரத்தையொட்டி மர மேசைகள் வரிசையாக இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் கண்மட்டத்தில் ஒரு சிறு சாளரம். அதற்கு நகர்த்தி மூடும் மரக்கதவு. வெளியுலகம் வேண்டுமா வேண்டாமா என்பதை அந்தச் சிறுவனே முடிவு செய்கிறான்.