மெய்க்கீர்த்தியில் மெய் எத்தனை?

தாம்பரத்திற்கு மேற்கே உள்ளது மணிமங்கலம். அவ்வூர் இராசகோபாலப் பெருமாள் கோயிற் சுவரில், முதலாம் இராசாதிராச சோழனின் மெய்க்கீர்த்தி 1046-ஆம் ஆண்டிற் பொறிக்கப்பட்டது. தமிழனின் வீரத்திற்குச் சான்று என்று புலவர் பலர் அதனைப் போற்றுகின்றனர். அதன் மிடுக்கை நாமும் போற்றுகிறோம். ஆனால், மெய் எத்தனை என்று கேட்க வேண்டாமா?

பாண்டியர் மூவர் கூடி எதிர்த்தனராம். மானாபரணன் தலை இழந்தான். வீரகேரளன் யானைக்காலில் மிதியுண்டான். சுந்தரபாண்டியன் தலைமயிர் விரிய முல்லையூருக்கு ஓடினான். மாற்றான் முடி மண்ணில் உருண்டதைப் பாடுகையில் அரசவைப் புலவரின் நாவுக்கு ஓய்வே இல்லை!

சொந்த வீட்டிலே முடி உருண்டபோது அந்த நா என்ன செய்தது? 1070-இல் வீரராசேந்திரன் மறைந்தான். மகன் அதிராசேந்திரன் அரியணையில் நிலைக்குமுன்பே மாண்டான். முதலாம் இராசேந்திரனின் மகள் வயிற்றுப் பேரனான கீழைச் சாளுக்கிய இளவரசன், முதலாம் குலோத்துங்கனாக முடிசூடினான். அதிராசேந்திரன் மாண்டது நோயாலா, கலகத்தாலா, சூழ்ச்சியாலா? குலோத்துங்கனின் மெய்க்கீர்த்தி வாய் திறக்கவில்லை. நிலமகள் தனித்திருந்தாளாம், அத்தனிமை தீர, உரிமையோடு முடி புனைந்தானாம்! கலகத்தில் மடிந்தான் என்கிறான் பில்கணன். அவனோ மேலைச் சாளுக்கியனின் சோறுண்ட புலவன். அங்கும் அரண்மனை நாவே பேசுகிறது!

உரோமாபுரியிலும் இக்கூத்து நடந்தது. கி.பி. 69-ஆம் ஆண்டு ஒன்றிலேயே கால்பா, ஓத்தோ, விட்டெல்லியஸ், வெஸ்பாசியன் என நால்வர் பேரரசராய் இருந்தனர். வென்று நிலைத்தவன் வெஸ்பாசியன். அவன் காலத்தில் உயர்வு பெற்றவர் தாசிட்டஸ். அதனை வெளிப்படையாகக் கூறிவிட்டே, அந்த ஆண்டின் கொலைகளையும் கொள்ளைகளையும் அவர் எழுதிவைத்தார். நமது அரசவைகளில் அத்தகைய எழுதுகோல் எங்கே?

இராசாதிராசன் கல்வெட்டில் மணிமங்கலத்தின் மறுபெயர், இராசசூளாமணிச் சதுர்வேதிமங்கலம். நான்மறையாளருக்கு அளிக்கப்பட்ட ஊர்! முடிக்கு உரியவன் யார் என்று வாள்கள் மோதின. எவன் வென்றாலும் மங்கலம் மறையோருக்கே; ஏர் மட்டும் உழவனுக்கு! போரில் மாண்ட அவ்வுழவன் மகனின் பெயரை எந்த மெய்க்கீர்த்தி சொல்கிறது?

சோழன் தமிழன் என்பதற்காக அவன் முடியிற் படிந்த கறையை நாம் மறைக்க வேண்டியதில்லை. புராணத்தை ஐயுறக் கற்ற இளைஞர், கல்வெட்டையும் ஐயுற்றே படிக்கட்டும். மணிமங்கலம் தொலைவில் இல்லை. சென்று காணுங்கள்; எழுதியவன் யார், எழுதச் சொன்னவன் யார், எதை எழுதாமல் விட்டான் என்று கேளுங்கள்!