ஐப்பசியைத் தேடிப் போகிறவர்கள்

உத்திரமேரூர் வட்டத்தில் வயலோடு வாழ்கிற யாரைக் கேட்டாலும் ஆண்டின் நல்ல மாதம் ஐப்பசி என்பார்கள். கத்திரி வெயிலில் ஏரி பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். ஆடியில் காற்று புழுதியை வாரி இறைக்கும். புரட்டாசி பொன்னுருகக் காயும், மண்ணுருகப் பெய்யும். அதெல்லாம் கழிந்து அடைமழை பிடிக்கிறபோதுதான் உடம்பும் மண்ணும் ஒருசேரக் குளிரும். சம்பாப் பயிர் தூர் கட்டிப் பச்சை பிடித்திருக்கும். வரப்பிலேயே மாட்டுக்குப் புல் கிடைக்கும். கூதிர் என்று முன்னோர் பெயரிட்ட இந்த ஐப்பசி, கார்த்திகைக்காக மற்ற பத்து மாதமும் ஏங்கிக் கிடக்கிறோம்.

இந்த ஏக்கத்துக்கு இன்று ஒரு சுலபமான விடை சொல்லப்படுகிறது. வெயில் ஏறினால் மலைக்குப் போய்விடு, மழை வலுத்தால் காய்ந்த ஊருக்கு மாறிவிடு, மடிக்கணினி இருந்தால் எங்கிருந்தும் பிழைக்கலாம் என்கிறார்கள். இதமான வானிலையின் பின்னாலேயே ஓடிக்கொண்டிருப்பது படித்த இளைஞர் பலருக்கு ஒரு வாழ்க்கை இலட்சியமாகவே ஆகிவருகிறது. இதைப் புதுமை என்று நினைப்பவர்கள் உத்திரமேரூரைச் சுற்றி ஒரு முறை பார்க்க வேண்டும். பருவத்தின் பின்னால் போகும் வாழ்க்கையைப் பறவைகளும் வாத்து மேய்ப்பவர்களும் செங்கல் சூளைக் குடும்பங்களும் இங்கே காலங்காலமாக வாழ்கிறார்கள். அந்த வாழ்க்கையின் நிறையையும் குறையையும் அவர்களிடமிருந்துதான் எடைபோட வேண்டும்.

முதலில் பறவைகள். உத்திரமேரூருக்கும் மதுராந்தகத்துக்கும் இடைப்பட்ட ஏரி நாட்டில்தான் வேடந்தாங்கலும் கரிக்கிலியும் இருக்கின்றன. 2019இல் மாவட்டம் பிரிந்தபோது இரண்டும் செங்கல்பட்டோடு போய்விட்டன. பறவைகளுக்கு அந்த எல்லை கிடையாது. வடகிழக்குப் பருவமழை இறங்கி ஏரியில் நீர் ஏறியதும் கூழைக்கடா, நத்தைகுத்தி நாரை, அரிவாள் மூக்கன், கரண்டிவாயன், நீர்க்காகம் எல்லாம் நீருக்குள் நிற்கும் கடப்ப மரங்களில் கூடு கட்டுகின்றன. இன்னும் வடக்கே குளிர் தாங்காத நீலச்சிறகியும் ஊசிவால் வாத்தும் இந்த நீரைத் தேடிப் பறந்து வருகின்றன.

வந்தவை சும்மா இருந்துவிட்டுப் போவதில்லை. அவற்றின் எச்சம் ஏரி நீரில் கரைகிறது. அந்த நீர் மதகு வழியாக வயலுக்குப் பாயும்போது உரமும் சேர்ந்தே பாய்கிறது. ஊர்க்காரர்கள் இதை அறிந்திருந்தார்கள். பறவைகளைச் சுடவோ பிடிக்கவோ கூடாது என்று அவர்கள் கேட்டுப் பெற்ற உரிமையைச் செங்கல்பட்டு ஆட்சியர் அலுவலகம் 1798இலேயே ஏற்றுக்கொண்டது. 1858இல் அது புதுப்பிக்கப்பட்டது. சரணாலயம் என்ற அரசாணை வந்தது 1936இல்தான். சட்டத்துக்கு ஒரு நூற்றாண்டுக்கும் முன்பே உழவர்கள் இந்த விருந்தாளிகளைக் காத்துவந்தார்கள். பறவைக் கூட்டம் மிரளக்கூடாது என்று இன்றும் தீபாவளிக்கு வெடி வெடிப்பதைத் தவிர்க்கிறார்கள். கரிக்கிலியும் வேடந்தாங்கலும் 2022இல் ராம்சர் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது அந்த நெடிய காவலுக்குக் கிடைத்த அங்கீகாரம். பருவத்தைத் தேடி வருவோருக்கும் அவர்களுக்கு இடம் கொடுக்கும் ஊருக்கும் உள்ள உறவு எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல முன்மாதிரி எனக்குத் தெரியவில்லை.

அடுத்து வாத்து மேய்ப்பவர்கள். காஞ்சிபுரம், திருவள்ளூர், விழுப்புரம் பக்கங்களில் ஆண்டுக்கு மூன்று போகம் வரை நெல் உண்டு: சொர்ணவாரி, சம்பா, நவரை. ஒவ்வோர் அறுவடையும் ஒரே நாளில் எல்லா ஊரிலும் முடிவதில்லை. இன்று இந்த ஊர், பத்து நாள் கழித்து அடுத்த ஊர். அந்த இடைவெளியில்தான் வாத்துக்காரரின் பிழைப்பு இருக்கிறது. ஆரணி வாத்து, கீரி வாத்து என்ற நாட்டு இனங்களை மந்தையாக ஓட்டிக்கொண்டு அறுத்த வயலிலிருந்து அறுத்த வயலுக்குப் போகிறார்கள். தூரம் அதிகமானால் லாரியில் ஏற்றிக்கொள்கிறார்கள்.

விடிவதற்கு முன் ஒரு வாத்துப் பட்டியைப் பார்த்தால் இந்தத் தொழிலின் சிக்கனம் புரியும். ஏரிக்கரை ஓரம் நாலு கம்பு நட்டு இடுப்பளவு வலை கட்டியிருப்பார்கள். உள்ளே நூற்றுக்கணக்கான வாத்துகள் இருட்டோடு முட்டையிட்டு முடித்திருக்கும். சேற்றோடு கிடக்கும் முட்டைகளைக் கால் படாமல் குனிந்து குனிந்து பொறுக்கிக் கூடையில் அடுக்குவார்கள். வெளிச்சம் வந்ததும் வலையை ஒரு பக்கம் தூக்கினால் போதும், மந்தை வரிசை பிடித்து வயலுக்கு இறங்கிவிடும். அறுவடை எந்திரம் சிந்திவிட்டுப் போன நெல், நத்தை, பூச்சி, களைவிதை எல்லாம் அதன் தீனி. விலை கொடுத்து வாங்கும் தீவனம் பெரும்பாலும் வேண்டியதில்லை. வீணாகிற நெல் முட்டையாகிறது, வயலுக்குப் பூச்சி குறைகிறது, எச்சம் எருவாகிறது. ஆட்டுக்கிடை போடுகிறவர்களும் இதே கணக்கில்தான் ஊர் ஊராகப் போகிறார்கள். மேய்ச்சல் தொழிலின் நிறை இது: எங்கே எது மிஞ்சுகிறதோ அங்கே போய் அதை உயிராக்கித் திருப்பித் தருகிறது. ஓரிடத்தில் நிலைத்திருப்பவரால் முடியாத வேலை இது.

குறைகளையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். கூடாரத்தோடு நகரும் குடும்பத்தின் பிள்ளைக்குப் பள்ளி நிலைப்பதில்லை. ஒரு வகுப்பில் சேர்ந்து எழுத்துக் கூட்டத் தொடங்கும்போது அறுவடை முடிந்துவிடும். நோயும் மந்தையோடு பயணம் செய்யும். 2021 சனவரியில் கேரளத்தின் ஆலப்புழை, கோட்டயம் பகுதிகளில் பறவைக் காய்ச்சல் வந்து ஆயிரக்கணக்கான வாத்துகள் அழிக்கப்பட்டபோது, கேரளச் சந்தையை நம்பியிருந்த வாத்துக்காரர்களின் பாடு என்ன ஆகியிருக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம். பூச்சிமருந்து தெளித்த வயல் எது என்று வெளியூர்க்காரருக்கு யாரும் சொல்வதில்லை.

எல்லாவற்றிலும் கொடியது கொத்தடிமை முறை. மந்தையின் உரிமையாளர் ஒருவர், மழையிலும் வெயிலிலும் அதன் பின்னால் நடப்பவர்கள் வேறு பலர். முன்பணம் கொடுத்து இருளர், ஏனாதி போன்ற பழங்குடிக் குடும்பங்களைப் பிடித்துவைக்கும் வழக்கம் இன்னும் ஒழியவில்லை. 2025ஆம் ஆண்டில் ஒரு செய்தி நம்மை உலுக்கியது. ஆந்திரத்தைச் சேர்ந்த ஏனாதிப் பெற்றோர் வாங்கிய கடனுக்கு ஈடாக வாத்து மேய்க்க நிறுத்திவைக்கப்பட்ட ஒன்பது வயதுச் சிறுவன் இறந்துபோனான். அவன் உடல் பெற்றோருக்குத் தெரியாமல் காஞ்சிபுரத்தில் புதைக்கப்பட்டிருந்தது. மே மாதம் தோண்டி எடுத்தார்கள். கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976இலேயே வந்துவிட்டது. அரை நூற்றாண்டை நெருங்கிய நேரத்தில் இப்படி நடந்தது என்றால், அலையும் வாழ்க்கையை அழகாக மட்டும் எழுதுவது பொய் எழுதுவதாகும். சூளைகளிலும் இதே கதைதான். தை பிறந்தால் கல் அறுப்பு தொடங்கும், மழை இறங்கினால் நிற்கும். அந்தக் குடும்பங்களும் காய்ந்த பருவத்தின் பின்னால்தான் போகின்றன. ஆனால் எப்போது போவது, எப்போது திரும்புவது என்பதை முன்பணம் தீர்மானிக்கிறது. தானே விரும்பிப் புறப்படுவதும் கடன் துரத்திப் புறப்படுவதும் ஒன்றாகிவிடாது.

இனி வசதி உள்ளவர்களின் பயணத்துக்கு வருவோம். இதமான வானிலையை ஓர் அரசாங்கமே துரத்திப் போன வரலாறு நமக்கு உண்டு. 1819இல் கோவை ஆட்சியர் ஜான் சல்லிவன் நீலகிரி மலைக்கு ஏறினார். தோடரிடம் ஏக்கர் ஒரு ரூபாய் என்ற வீதத்தில் நிலம் வாங்கப்பட்டது. 1870 முதல் உதகை சென்னை மாகாணத்தின் கோடைத் தலைநகரம் ஆனது. ஆளுநரும் அதிகாரிகளும் கோப்புகளோடு மலையேறி மாதக்கணக்கில் அங்கேயே தங்கினார்கள். 1876–78 பெரும்பஞ்சத்தில் மாகாணமே செத்துக்கொண்டிருந்தது. பட்டினிக் கூலிகள் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் கால்வாயைச் சென்னை வெயிலில் வெட்டினார்கள். அதே காலத்தில் உதகையில் ஆளுநர் மாளிகை எழுந்தது. இரண்டையும் செய்தவர் ஒரே ஆளுநர், பக்கிங்காம் பிரபு. வெயிலை அனுபவிக்காதவர் வறட்சியை ஆளக்கூடாது என்பதற்கு இதற்கு மேல் சான்று தேவையில்லை.

குளிரைத் தேடிப் போனவர்கள் மலைக்கு என்ன கொடுத்தார்கள்? புல்வெளிகளில் சீகையும் தைலமரமும் தேயிலையும் ஏறின. இன்று மே மாதத்தில் சமவெளியே கிளம்பிப் போய் மலைமேல் நிற்கிறது. உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் உதகைக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்தது. அடுத்த கோடையில் வண்டிகளின் எண்ணிக்கைக்கே வரம்பு வைத்தார்கள். நல்ல வானிலையைத் தேடி எல்லோரும் ஒரே இடத்தில் குவிந்தால் அந்த இடத்தின் தண்ணீரும் காற்றும் முதலில் கெடும். பறவையும் வாத்தும் எருவை விட்டுப் போகின்றன, வண்டிகள் புகையையும் நெகிழிக் குப்பையையும் விட்டுப் போகின்றன.

ஓய்வுக்காக ஒரு வாரம் மலைக்குப் போவதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. கத்திரியில் வெந்த உடம்புக்குக் குளிர் ஒரு மருந்து. பிற ஊரைப் பார்ப்பவனுக்குத் தன் ஊரும் தெளிவாகத் தெரியும். நான் மறுப்பது, ஆண்டு முழுதும் இதத்தை மட்டுமே பொறுக்கிக்கொண்டு வாழலாம் என்ற எண்ணத்தை. ஏன் என்பதற்கு உத்திரமேரூர் ஏரியே விடை. ஐப்பசியில் நாம் ரசிக்கும் நிறைந்த ஏரி வானத்தால் மட்டும் நிறைவதில்லை. பங்குனி, சித்திரை வெயிலில் தூர் வாரி, வரத்துக்கால் வெட்டி, கரை உயர்த்தி, மதகு பழுது பார்த்திருந்தால்தான் ஐப்பசி மழை ஏரியில் தங்கும். பல்லவர் காலத்தில் வைரமேகத் தடாகம் என்று பெயர் பெற்ற இந்தப் பெரிய ஏரியைத் தூர் வாரச் செய்த ஏற்பாடுகளைக் கல்வெட்டுகள் சொல்கின்றன. அதற்கென்றே ஏரி வாரியம் இருந்தது. குடிமராமத்து என்பதும் கோடை வேலைதான். கோடை தாங்காமல் எல்லோரும் கிளம்பிவிட்டால் ஐப்பசியில் வெள்ளம் வரும், தையில் தண்ணீர் இருக்காது. வெயில் மாதத்தில் உழைத்தவர் உருவாக்கிய குளிர்ச்சியைத்தான் ஐப்பசியில் எல்லோரும் அனுபவிக்கிறோம்.

சங்க அகப்பாடல்களின் மரபும் இங்கே நினைவுக்கு வருகிறது. முல்லைத் திணையில் கார்காலம் வந்தால் பிரிந்துபோனவன் வீடு திரும்ப வேண்டும். நல்ல பருவம் வந்ததும் தமிழ் மனம் தேடியது புறப்படும் வழியை அல்ல, வரவேண்டியவரை.

ஆனால் நிலைத்திருப்பவரும் தம் பங்குக்குக் கணக்குச் சொல்ல வேண்டும். வைகுந்தப் பெருமாள் கோயில் மண்டபத்தில் உள்ள முதற் பராந்தகனின் 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகளைக் காணப் பலர் வருகிறார்கள். அவை சொல்லும் குடவோலைத் தேர்தல் முறையைப் பெருமையோடு பேசுகிறோம், பேச வேண்டியதுதான். கணக்குக் காட்டாதவரை விலக்கிய அந்த நேர்மை இன்றைக்கும் பாடம். ஆயினும் அதே விதிகளின்படி, வரி கட்டும் நிலமும் தன் சொந்த மனையில் கட்டிய வீடும் உடையவர் பெயரே குடத்தில் விழும். நிலமற்றவரும் அலைந்து பிழைப்பவரும் அந்தச் சபைக்கு வெளியேதான் நின்றார்கள். ஆயிரத்து நூறு ஆண்டு கழிந்தும் அந்தக் கோடு முழுதாக அழியவில்லை. வாக்காளர் பட்டியல் வழக்கமாகக் குடியிருக்கும் இடத்தைக் கேட்கிறது. சாதிச் சான்றிதழும் முகவரியைக் கேட்கிறது. 2020 அக்டோபரில் தமிழ்நாட்டுக்கு வந்த ஒரே நாடு ஒரே குடும்ப அட்டைத் திட்டம் ஒரு நல்ல தொடக்கம். குடும்ப அட்டையே இல்லாதவருக்கு அதனாலும் பயனில்லை.

இப்போது என் முடிவைச் சொல்கிறேன். பருவத்தைத் தொடர்ந்து போகும் வாழ்க்கை தன்னளவில் நல்லதுமல்ல, கெட்டதுமல்ல. போகிற இடத்துக்கு எதையாவது கொடுப்பவரின் பயணம் ஊரை வளப்படுத்துகிறது. இதத்தை மட்டும் எடுத்துக்கொண்டு கிளம்புபவரின் பயணம் ஊரைத் தேய்க்கிறது. நம் நாட்டில் கொடுத்துவிட்டுப் போகிறவர்களுக்குப் பட்டாவும் இல்லை, படிப்பும் இல்லை. எடுத்துவிட்டுப் போகிறவர்களுக்கு எல்லா வசதியும் இருக்கிறது. திருத்த வேண்டியது இந்த முரணைத்தான்.

அதை உத்திரமேரூர் ஒன்றியத்தின் கிராம சபைகளிலிருந்தே தொடங்கலாம். அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய இரண்டு கூட்டங்களும் மழைக்காலத்தை ஒட்டியே வருகின்றன. அதன் பின் சம்பா அறுவடைக்கு மந்தைகள் வரும். எந்த ஏரிக்கரையில் பட்டி போடலாம், எந்த வயலில் மருந்து தெளித்திருக்கிறது, கால்நடை மருந்தகம் எந்த நாளில் தடுப்பூசி போடும் என்று அக்கூட்டங்களில் முடிவு செய்து அறிவிக்கலாம். பட்டியில் ஒரு பிள்ளை இருந்தால் அன்றே பக்கத்துப் பள்ளியில் சேர்க்க வேண்டும். 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் அதற்கு இடம் தருகிறது. அந்தப் பிள்ளை யாருடையது, ஏன் தனியாக இருக்கிறது என்று கேட்க வேண்டும். பதில் சரியில்லை என்றால் வருவாய்க் கோட்டாட்சியரிடம் உடனே சொல்ல வேண்டும். பறவைக்காக ஆட்சியரிடம் போய் உரிமை கேட்டு வாங்கிய மக்கள் வாழும் மண் இது. மனிதருக்காகவும் அதைக் கேட்க வேண்டும்.