பாலைவனத்துத் தூளி

சோபா வாங்கப் போகிறவர்கள் எல்லாரும் கடையில் ஒரு காரியம் செய்வார்கள். உள்ளங்கையை வைத்து ஓர் அழுத்து. மெத்தென்று உள்ளே போனால் முகம் மலரும். கார் பார்க்கப் போனாலும் இதே சோதனைதான். எனக்கும் அந்தப் பழக்கம் இருந்தது. பாஹா பந்தய டிரக்குகளுக்குச் சீட் கட்டுகிறவர்களின் வேலையை ஆராயத் தொடங்கிய பிறகு அது விட்டுப்போயிற்று. கையால் அழுத்திப் பார்ப்பது கைக்கு ருசி. முதுகெலும்புக்கு நாக்கு வேறு.

பாஹா கலிபோர்னியா என்பது அமெரிக்க எல்லைக்குக் கீழே, பசிபிக் கடலோரமாகத் தெற்கு நோக்கி நீண்டு கிடக்கும் மெக்சிகோவின் பாலைவன வால். 1967-இல் வடக்கே திஹுவானாவிலிருந்து தெற்கே லா பாஸ் வரை அங்கே முதல் பந்தயம் ஓடியது. 27 மணி 38 நிமிடத்தில் வென்றது மேயர்ஸ் மாங்க்ஸ் என்ற குட்டி வண்டி. படகு கட்டிப் பழகிய ப்ரூஸ் மேயர்ஸ், ஃபோக்ஸ்வேகன் பீட்டில் காரின் பாகங்களைக் கொண்டு கண்ணாடியிழைக் கூட்டோடு உருவாக்கிய வகை அது. இன்றைய ராஜா டிராபி டிரக். அந்தப் பந்தயப் பிரிவு வந்தது 1994-இல். அதன் பின்சக்கரம் முக்கால் மீட்டருக்கும் மேல் எழுந்து தாழும். நம் ஊர்க் காரின் சக்கரம் ஒரு சாண் அசைந்தாலே பெரிது.

இவ்வளவு ஏற்ற இறக்கம் சக்கரத்துக்குக் கொடுத்த பிறகும் சீட்டுக்கு வேலை மிச்சம் இருக்கிறது. காரணம், அங்கே வூப்ஸ் என்று சொல்லும் மேடுகள். மணலில் அலை உறைந்தது போல ஒன்றன்பின் ஒன்றாக, சில இடங்களில் கிலோமீட்டர் கணக்கில் வரிசைகட்டி நிற்கும். முன்னால் போன வண்டிகள் உண்டாக்கியவைதான் அவை. ஒரு மேட்டைத் தாண்டி விழும் சக்கரம் பள்ளத்தை இன்னும் தோண்டும். தோண்டிய மணல் அடுத்த மேடாகும். பின்னால் வருகிறவன் அதையே ஆழப்படுத்திவிட்டுப் போவான். வேகமாகப் போனால் மேட்டுத் தலைகளைத் தொட்டுத் தொட்டுப் பறக்கலாம். கணக்கு ஒருமுறை தப்பினால் மூக்கு பள்ளத்தில் இறங்கி, மொத்த வண்டியும் ஓட்டுநரின் இடுப்பெலும்பு வழியாக மேலே ஏறும்.

இதற்காகத் தென் கலிபோர்னியாப் பட்டறைகளில் வளர்ந்த விடைதான் சஸ்பென்ஷன் சீட். பெயரைக் கேட்டதும் அடியில் ஸ்பிரிங்கும் லீவரும் இருக்கும் என்று தோன்றும். மேலுறையைக் கழற்றிப் பார்த்தால் ஒன்றும் இல்லை. வளைத்த இரும்பு பைப்பில் ஒரு சட்டம். அதற்குள் தடித்த நைலான் துணியோ வலையோ ஒன்று. துணியின் ஓரமெல்லாம் பித்தளைக் கண்கள். கண்ணுக்கும் பைப்புக்குமாக மாறி மாறி ஓடும் கயிறு. அவ்வளவுதான். நம் வீட்டு ஒயர் நாற்காலிக்கும், விட்டத்தில் சேலையால் கட்டும் தூளிக்கும் பிறந்த பிள்ளை என்று சொல்லலாம். ஓட்டுநர் எதன்மேலும் உட்காரவில்லை, தொங்குகிறார். உட்காருவது வேறு, தொங்குவது வேறு என்று எனக்குப் புரிந்த நாளில்தான் இந்தக் கலையின்மேல் பித்துப் பிடித்தது.

மெத்தை ஏன் ஆகாது? உட்கார்ந்திருக்கும் மனித உடலை மேலும் கீழுமாக ஆட்டினால், வினாடிக்கு ஏறத்தாழ 5 தடவை என்ற வேகத்தில் அது மிக மோசமாக அதிரும். வயிறு, தோள், முதுகுத்தண்டு எல்லாம் சேர்ந்து ஊஞ்சலாடும் வேகம் அது. ஸ்பாஞ்ச் வைத்த சாதாரண சீட்டில் ஆள் உட்கார்ந்ததும், அந்த ஜோடியின் சொந்தத் துடிப்பு வினாடிக்கு 4 தடவையை ஒட்டி வந்து நிற்கிறது. வியாதியும் மருந்தும் ஒரே தாளத்தில்! தரையிலிருந்து வரும் அந்த அதிர்வை மெத்தை குறைப்பதில்லை, ஒன்றரை இரண்டு மடங்காக்கி மேலே அனுப்பிவைக்கிறது. நெடுந்தூரப் பேருந்தில் மெத்தென்ற சீட்டில் உட்கார்ந்து வந்தும் இடுப்பு கழன்றுபோவதன் ரகசியங்களில் இது ஒன்று.

அப்படியானால் லாரிகளில் வரும் காற்றுப்பை சீட்? கத்தரிக்கோல் போல மடங்கி விரியும் கால்கள், நடுவே காற்றுப்பை, பக்கத்தில் ஒரு டாம்பர். நெடுஞ்சாலை ஓட்டுநருக்கு அது வரப்பிரசாதம். அதைக் குறைசொன்னால் நாக்கு அழுகும். ஆனால் அதன் தர்மம் வேறு. வினாடிக்கு ஒரே ஒரு துடிப்பு என்னும் அளவுக்கு ஒரு சாதாரண ஸ்பிரிங்கை மென்மையாக்க வேண்டுமென்றால், ஆள் உட்கார்ந்ததுமே அது 25 சென்டிமீட்டர் அமுங்க வேண்டும். இது எந்தப் பட்டறைக்காரராலும் மீற முடியாத கணக்கு. காற்றுப்பை அந்தக் கணக்கைச் சாமர்த்தியமாகச் சுற்றிப் போகிறது, சரி. வூப்ஸில் விழும்போது அந்தச் சீட் தன் எல்லை வரை போய் அடியில் மோதும். மோதும் அந்த ஒரு நொடி, சீட்டே இல்லாததைவிட மோசம். இன்னொன்றும் உண்டு. பந்தய வண்டியில் ஆளைக் கட்டியிருக்கும் பெல்ட்டுகள் வண்டிச் சட்டத்தோடு பிணைந்தவை. சீட் ஒரு சாண் இறங்கினால் பெல்ட் தளரும், ஏறினால் நெரிக்கும். பெடலுக்கும் காலுக்கும் உள்ள தூரம் ஒவ்வொரு பள்ளத்திலும் மாறும். கயிற்றுச் சீட் சில சென்டிமீட்டர்தான் கொடுக்கும். கேட்டதையெல்லாம் கொடுத்துவிடாத அந்தக் கண்டிப்பில்தான் அதன் அழகு இருக்கிறது.

கொடுக்கும் அந்தச் சில சென்டிமீட்டரை எப்படிக் கொடுக்கிறது என்பதில் கைத்திறன் முழுவதும் அடங்கியிருக்கிறது. விழுகிற உடலை 2 சென்டிமீட்டரில் நிறுத்துவதற்குப் பதில் 6 சென்டிமீட்டரில் நிறுத்தினால், சராசரி அடி மூன்றில் ஒரு பங்காகும். நிறுத்திய பிறகு திருப்பி எறியக் கூடாது என்பது அடுத்த கவலை. எலாஸ்டிக் கயிற்றால் கட்டிய சீட்டுகளும் உண்டு. எனக்கு அவற்றின்மேல் மதிப்பில்லை; வாங்கிய அடியை வட்டியோடு திருப்பிக் கொடுப்பவை. நல்ல கயிற்றுப் பின்னலில் கயிறு பைப்பைச் சுற்றும் ஒவ்வொரு வளைவிலும் கொஞ்சம் உரசுகிறது, துணியின் இழைகள் ஒன்றோடொன்று உரசுகின்றன. அந்த உரசலிலேயே அடியின் ஒரு பகுதி தேய்ந்து மறைகிறது. இறங்கும்போது வேகம், ஏறும்போது சோம்பல்.

அளவெடுப்பதிலிருந்தே தையல்காரன் வேலைதான். இடுப்பகலம், பிட்டத்திலிருந்து முழங்கால் மடிப்பு வரை உள்ள நீளம், உட்கார்ந்த நிலையில் தோள் உயரம். மூன்றாவதில் தவறினால் மன்னிப்பில்லை. தோள் பெல்ட் சீட்டின் முதுகில் உள்ள துளை வழியாகப் பின்னால் போகும்போது தோள்மட்டத்திலோ கொஞ்சம் தாழ்வாகவோ போக வேண்டும். செங்குத்தாகக் கீழே இழுத்தால், மோதும் வேளையில் பெல்ட்டே முதுகெலும்பை அமுக்கிவிடும். இடுப்புப் பெல்ட் வயிற்றில் படாமல் இடுப்பெலும்பில் படிந்து நிற்க வழி வேண்டும். பிறகு ஆளை ஹெல்மெட்டோடு வண்டிக்குள் உட்காரவைத்து, அட்டையும் பலகையும் முட்டுக்கொடுத்து ஒரு பொய்ச்சீட் அமைப்பார்கள். கூரை இடிக்கிறதா, எஞ்சின் மூடிக்கு அப்பால் தரை தெரிகிறதா, ஸ்டியரிங்கைப் பிடித்தால் முழங்கை மடங்குகிறதா என்று பார்த்துப் பார்த்துப் பலகையை நகர்த்துவார்கள். பொறுமையில்லாத பட்டறைகள் இந்தக் கட்டத்தைத்தான் முதலில் விழுங்கும்.

சட்டத்துக்குப் பெரும்பாலும் ஓர் அங்குல எஃகு பைப் போதும். வளைவு நெளியாமல் வர பெண்டரில் பொறுமையாக வளைக்க வேண்டும். உட்காரும் தளத்தின் முன்பக்கத்தைச் சற்றே தூக்கிவைப்பார்கள். அப்போதுதான் இடுப்பு முன்னால் வழுக்கிப் பெல்ட்டுக்கு அடியில் நுழையாமல் பின்னால் போய் அமரும். தூக்கினாலும் முன் பைப் தொடையை வெட்டக் கூடாது. அதனால் அந்த ஒரு பைப்பை மட்டும் கீழே தாழ்த்தி வளைத்து, தொடை படும் இடத்தில் துணியும் திண்டும் வருமாறு விடுகிறார்கள். தெரிந்து செய்கிறவரையும் பார்த்துச் செய்கிறவரையும் பிரித்துக் காட்டும் வளைவு அது. கால்களை வண்டியின் தரைத் தகட்டில் முடுக்குவது குற்றம். தகடு கிழிந்து வரும். வண்டிச் சட்டத்தில் பற்றவைத்த தாங்கிகளில்தான் போல்ட் இறங்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலான விதி, உட்காரும் இடத்துக்கு நேர் கீழே குறுக்குப் பைப் வரவே கூடாது.

இந்த விதியை நான் உடம்பால் படித்தேன். நண்பரின் பழைய ஜீப்புக்கு நாமே கட்டிவிடலாம் என்று ஒருமுறை இறங்கினேன். சட்டம் ஆடாமல் இருக்கட்டும் என்று அடியில் ஒரு குறுக்குப் பைப் வைத்தேன். சாதாரண நைலான் கயிற்றை வாங்கி, காலால் உதைத்து இழுத்துக் கட்டினேன். விரலால் தட்டினால் தம்பட்டம் போல ஒலித்தது. எனக்குப் பெருமை பிடிபடவில்லை. ஏறி உட்கார்ந்தால் பலகை! கொஞ்சம் தளர்த்தினேன். அடுத்த வாரம் மழை. நைலான் ஈரம் குடித்தால் நீளும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. முதல் பள்ளத்தில் துணி தொய்ந்து, வாலெலும்பு குறுக்குப் பைப்பில் போய் நச்சென்று உட்கார்ந்தது. மூன்று நாள் நின்றுகொண்டே சாப்பிட்டேன்.

கயிற்றை இழுப்பதுதான் கலை என்று நினைத்திருந்தேன். எங்கே இழுக்காமல் விடுவது என்பதுதான் கலை. மிருதங்கத்துக்கு வார் பிடிப்பவரைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் புரியும். ஒரு பக்கம் இறுக்கினால் மறுபக்கம் பேச்சு மாறும். சுற்றிச் சுற்றி வந்து, ஒவ்வொரு கண்ணையும் கொஞ்சம் கொஞ்சமாகச் சம்மதிக்கவைக்க வேண்டும். சீட்டில் சம்மதம் ஒரே சுருதியில் இருந்தாலும் தப்பு. இடுப்பு வளைவுக்கு இறுக்கம். தோளெலும்புகள் புதைய மேலே இளக்கம். தொடையின் இருபுறமும் இறுக்கம், பிட்டம் அமரும் குழியில் இளக்கம். குழி ஆழமானால் ஆள் மூட்டையாகச் சுருண்டுவிடுவார், ஆழம் குறைந்தால் திருப்பத்தில் வழுக்குவார். முழுச் சீட்டையும் ஒரே கயிற்றில் ஓட்டிவிடுவது பார்க்க அழகு. எனக்குப் பிடித்தவை பகுதி பகுதியாகத் தனிக் கயிறு போட்டவை. ஒன்று அறுந்தாலும் மற்றவை தாங்கும். இடுப்பை மட்டும் சரிசெய்ய முழுச் சீட்டையும் அவிழ்க்க வேண்டாம்.

இந்தப் பின்னலுக்கு நன்றாகப் பொருந்துவது பாராசூட் கயிறு. 550 என்று பெயரிலேயே எண் ஒட்டிக்கொண்ட வகை 550 பவுண்டு, அதாவது சுமார் 250 கிலோ தாங்கும். நெய்த உறைக்குள் தனித்தனி இழைகள் ஓடுவதால், வெளியுறை தேய்ந்தாலும் உள்ளே உயிர் இருக்கும். நீட்சி குறைந்தது வேண்டுமென்று பாலியெஸ்டருக்குப் போகிறவர்களும் உண்டு. அதில் மழைக் கவலை குறைவு, இளக்கமும் குறைவு.

மேலுறை வேலை எனக்கு இரண்டாம் பட்சம். மெல்லிய நுரை, கடின வினைல், ஜிப். வைர வடிவத் தையலும் பேர் பொறித்த எம்பிராய்டரியும் போட்டு விலையேற்றுவதைப் பார்த்தால், குழம்பில் உப்பை மறந்துவிட்டு வெள்ளித்தாள் ஒட்டியது போல இருக்கிறது. தடிமனான தையல் மடிப்பு ஒன்று தொடையடியில் வந்துவிட்டால் 10 மணி நேர ஓட்டத்தில் அதுவே ஆணி.

குறையும் சொல்ல வேண்டும். உலகப் பந்தயங்கள் பலவற்றில் கேட்கப்படும் இறுகிய கார்பன், கண்ணாடியிழை வாளிச் சீட்டுகள் பக்கவாட்டு மோதலில் தலையையும் தோளையும் அணைத்துப் பிடிப்பது போலச் சாதாரண பைப்-கயிற்றுச் சீட் பிடிக்காது. தெருவில் ஓடும் புது டிரக்கில் இதைப் பொருத்த, சீட்டோடு சேர்ந்த, மோதலில் விரியும் பக்கக் காற்றுப்பையைக் கழற்றி எறிகிறவர்களை நான் ரசிகர் கணக்கில் சேர்ப்பதில்லை. வண்டி உருண்டாலும் ஆளைக் காக்கும் இரும்புக் கூண்டும் ஹெல்மெட்டும் ஐந்து முனைப் பெல்ட்டும் இருக்கும் இடத்தில்தான் இந்தத் தூளிக்குப் பொருள்.

நீண்ட பந்தயத்தில் வழியிலேயே ஓட்டுநர் மாறுவார். ஒல்லியானவர் இறங்க, பருத்தவர் ஏறுவார். அதனால் பெரிய உடம்புக்குக் கட்டி, சின்ன உடம்புக்கு முதுகிலும் பக்கத்திலும் திண்டு செருகுவது வழக்கம். இருட்டில், எஞ்சின் உறுமலுக்கு நடுவே, யாரோ ஒருவர் அந்தத் திண்டை உருவிக்கொண்டு ஓடுவார்.

பந்தயம் முடிந்து வண்டி பட்டறைக்கு வந்ததும் ஜிப்பைத் திறந்து கயிற்றைப் பார்ப்பார்கள். ஓடிய பாதை அதில் எழுதியிருக்கும். இடது இடுப்போரம் நாலைந்து கண்களில் மட்டும் கயிறு பளபளத்திருந்தால், ஆள் அந்தப் பக்கமே சாய்ந்து ஓட்டியிருக்கிறார். சட்டம் கோணலா, பெடல் தள்ளியிருக்கிறதா, அவர் உடம்பே அப்படியா என்று கேட்டுவிட்டு, அந்த நாலைந்து கண்களை மட்டும் அவிழ்த்து, அரை விரல் இறுக்கி, முடிச்சைக் கைக்கு எட்டும் மூலையில் போட்டு வைப்பார்கள்.