இரத்தக் கசிவை முன்னறியும் மதிப்பெண்: ஒரு மதிப்பீடு

இதயத் தமனியில் ஏற்பட்ட அடைப்பை விரித்து, அது மீண்டும் சுருங்காதிருக்க மருத்துவர்கள் சிறியதோர் உலோக வலைக்குழாயைப் பொருத்துகிறார்கள். இதுவே ஸ்டென்ட். 1986 ஆம் ஆண்டில் பிரான்சின் துலூஸ் நகரில் முதன்முதலாக இது மனிதருக்குப் பொருத்தப்பட்டது. உடலுக்கு இக்குழாய் ஓர் அயற்பொருள். ஆகவே இரத்தத் தட்டுகள் அதன்மீது ஒட்டிக்கொண்டு உறைகட்டியை உண்டாக்கக்கூடும். அப்படி நேர்ந்தால் தமனி திடீரென அடைபட்டு உயிருக்கே ஆபத்தாகும். இதைத் தடுக்க ஆஸ்பிரினுடன் குளோபிடோகிரெல் போன்ற வேறொரு மருந்தும் சேர்த்துத் தரப்படுகிறது.

ஆனால் இம்மருந்துகளுக்கு இடம் பிரித்தறியத் தெரியாது. ஸ்டென்டில் உறைதலைத் தடுப்பவை, வயிற்றுப் புண்ணிலும் மூளையிலும் அதையே செய்கின்றன. 2014 இல் வெளியான ஓர் ஆய்வு இதை எண்களில் காட்டியது. முதல் ஓராண்டை இடரின்றிக் கழித்த 9,961 பேரில் ஒரு பிரிவினர் இரண்டாவது மருந்தை நிறுத்தினர். மற்றவர் 30 மாதம் வரை தொடர்ந்தனர். தொடர்ந்தவர்களிடம் ஸ்டென்டில் உறைகட்டி 1.4 விழுக்காட்டிலிருந்து 0.4 ஆகக் குறைந்தது. குறிப்பிடத்தக்க இரத்தக் கசிவோ 1.6 விழுக்காட்டிலிருந்து 2.5 ஆக உயர்ந்தது. யாருக்கு நீட்டிப்பது, யாருக்குக் குறைப்பது என்பதே கேள்வி.

இதற்கு விடை காண முயன்றவற்றுள் ஒன்று பிரிசைஸ்-டாப்ட் மதிப்பெண். பிரான்செஸ்கோ கோஸ்டா, மார்கோ வால்ஜிமிக்லி முதலானோர் இதனை 2017 இல் 'லான்செட்' இதழில் வெளியிட்டனர். எட்டு ஆய்வுகளில் இடம்பெற்ற 14,963 நோயாளிகளின் விவரங்களிலிருந்து இது உருவானது. வயது, சிறுநீரகத்தின் செயல்திறன், ஹீமோகுளோபின், வெள்ளணுக்களின் எண்ணிக்கை, முன்பு தானாக இரத்தக் கசிவு ஏற்பட்டதா என்பது ஆகிய ஐந்தும் போதும். இவற்றின் கூட்டுத்தொகை 25 அல்லது அதற்கு மேல் இருந்தால் நோயாளி கூடிய ஆபத்துக்கு உரியவர்.

இதன் சிறப்பு எளிமை. எந்த மருத்துவமனையிலும் செய்யக்கூடிய இரத்தப் பரிசோதனைகளே இதற்கு வேண்டும். எல்லோருக்கும் ஓராண்டு என்ற பழக்கத்தை, 'இவருக்கு எவ்வளவு?' என்ற கேள்வியாக மாற்றியது பெரும் நன்மை. 25 க்கு மேற்பட்டவர்களிடம் நீண்டகால மருந்து கசிவைக் கூட்டியதேயன்றி, உறைகட்டியைத் தடுப்பதில் தெளிவான பயன் தரவில்லை என்றும் அவ்வாய்வு கண்டது.

இனி, குறைகளைப் பார்ப்போம்.

முதலாவது, கணிப்பின் வலிமை. கசிவு ஏற்பட்ட ஒருவரையும் ஏற்படாத ஒருவரையும் இணையாக எடுத்துக்கொள்வோம். முன்னவருக்கு மதிப்பெண் கூடுதலாக இருந்தால் கணிப்பு சரி. மதிப்பெண் உருவான கூட்டத்தில் இத்தகைய நூறு இணைகளில் 73 இல் அது சரியாக இருந்தது. சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகர நோயாளிகளிடம் சோதித்தபோது 66 ஆகக் குறைந்தது. நாணயத்தைச் சுண்டினாலும் 50 வருமல்லவா? எனவே இது பயனற்றதன்று. ஆனால் தீர்ப்பும் அன்று.

இரண்டாவது, 25 என்ற எல்லைக்கோடு. நோயாளிகளை மதிப்பெண் வரிசையில் நான்கு சம பங்குகளாகப் பிரித்தபோது மேற்பங்கு தொடங்கிய இடமே அது; இயற்கை வகுத்த எல்லை அன்று. 24 பெற்றவருக்கும் 25 பெற்றவருக்கும் உடலளவில் பெரிய வேறுபாடு இருக்க முடியாது. ஹீமோகுளோபின் 10 கிராமுக்குக் கீழே எவ்வளவு இறங்கினாலும் மதிப்பெண் ஒன்றே. 7 கிராம் உள்ளவரும் 10 கிராம் உள்ளவரும் ஒரே நிலையினரா? வெள்ளணுக் கணக்கின் தேவையும் ஐயத்திற்குரியது. அதை நீக்கிய நான்கு கூறு வடிவம் ஏறத்தாழ அதே திறனுடன் இயங்குவதாக 2020 இல் அதே குழுவினரே காட்டினர்.

மூன்றாவது, விடுபட்டவர்கள். வார்ஃபரின் போன்ற உறைவெதிர் மருந்து உண்பவர்கள் மூலக் கணக்கில் சேர்க்கப்படவில்லை. கசிவு அபாயம் மிகுந்தவர்களுள் அவர்களும் அடங்குவர் என்பதை மறக்கலாகாது.

எல்லாவற்றிலும் கடினமானது நான்காவது. முதுமையும் சிறுநீரகக் குறைபாடும் கசிவை மட்டுமா கூட்டுகின்றன? உறைகட்டி அபாயத்தையும் கூட்டுகின்றன. ஒரே மனிதர் இரு பக்க ஆபத்திலும் நிற்கும்போது, ஒரு பக்கத்தை மட்டும் அளக்கும் கோல் முழு விடை தராது.

இந்த முடிச்சைக் கணிப்பால் மட்டும் அவிழ்க்க இயலாது. நேரடிச் சோதனை வேண்டும். 2021 இல் வெளியான மாஸ்டர் டாப்ட் ஆய்வு அதைச் செய்தது. கசிவு அபாயம் கூடிய நோயாளிகளைச் சேர்க்க அது பயன்படுத்திய அளவுகோல்களுள் இம்மதிப்பெண்ணும் ஒன்று. குறிப்பிட்ட ஒருவகை மருந்து பூசிய ஸ்டென்ட் பெற்ற அவர்களில் ஒரு பிரிவினருக்கு ஒரு மாதத்திலேயே இரட்டை மருந்து நிறுத்தப்பட்டது. கசிவு 9.4 விழுக்காட்டிலிருந்து 6.5 ஆகக் குறைந்தது. மாரடைப்பு, பக்கவாதம், மரணம் ஆகியவற்றின் கூட்டுவீதம் கூடவில்லை. மதிப்பெண்ணின் உண்மையான பயன் இங்கேதான் புலப்படுகிறது: யாரைக் கூர்ந்து கவனிக்க வேண்டும் என்று அது காட்டுகிறது.

நூறு பேரில் எத்தனை பேருக்குக் கசியும் என்பதை ஓரளவு சொல்லும் கருவி, அந்த நூற்றுவரில் யாருக்கு என்பதைச் சொல்வதில்லை. ஆகவே, மதிப்பெண் கூடுதல் என்று கேட்ட நோயாளி தாமாக மாத்திரையை நிறுத்தலாகாது. அதனால் ஸ்டென்டே அடைபட்டுவிடக்கூடும். மருத்துவரும் எண்ணை மட்டும் பார்த்து முடிவு செய்தலாகாது. இருவரும் சேர்ந்து பேசத் தொடங்கும் இடமாக அந்த எண்ணைக் கொள்வதே முறை.