ஆய்தல்

குழந்தை வளர்ச்சி பற்றிய பாடநூல்களிலும் பயிற்சிக் கையேடுகளிலும் 'பராமரிப்பாளர்' என்றொரு சொல் வந்துகொண்டே இருக்கிறது. பராமரிப்பாளர் குழந்தையோடு சேர்ந்து வேலை செய்ய வேண்டும். பராமரிப்பாளர் பொறுமையாகக் காத்திருக்க வேண்டும். பராமரிப்பாளர் குழந்தையின் உணர்வைப் பெயர் சொல்லி அழைக்கக் கற்றுத்தர வேண்டும். தமிழ் இலக்கணம் படித்தவளுக்கு அந்த 'அர்' விகுதி உறுத்துகிறது. பலருக்கும் வரும், மரியாதைக்கும் வரும். ஆண் என்றும் காட்டாது, பெண் என்றும் காட்டாது. ஆனால் வீடு காட்டிவிடும். தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019இல் நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லா வீட்டுவேலையில் நாள்தோறும் ஈடுபடும் பெண்கள் 81.2 விழுக்காடு, ஆண்கள் 26.1 விழுக்காடு. ஈடுபடுகிறவர்களிலும் பெண் சராசரியாக 299 நிமிடம் செலவிடுகிறாள், ஆண் 97 நிமிடம். 'பராமரிப்பாளர்' என்று எழுதும் கை ஒரு பெண்ணை மனத்தில் வைத்துக்கொண்டுதான் எழுதுகிறது. அவளைப் பெண் என்று சொல்லாமல் இருப்பது நாகரிகம்போலத் தெரிகிறது. அவளுடைய நேரத்தைப் பற்றிப் பேசாமல் இருக்கவும் அதுவே வசதியாகிவிடுகிறது.

இந்த ஆய்வுகளை ஒதுக்கித் தள்ளுவது என் நோக்கமல்ல. அவை சொல்வதில் பெண்களாகிய நமக்கு உதவக்கூடிய ஓர் உண்மை இருக்கிறது. பிறர் தேவையைக் கவனிப்பது, முறை வரும்வரை காத்திருப்பது, கேட்காமலே உதவுவது போன்ற குணங்கள் அறிவுரையால் வருவதில்லை. பெரியவரோடு சேர்ந்து ஒரு வேலையைச் செய்யும்போதுதான் அவை ஊறுகின்றன. 1976இல் உட், புரூனர், ராஸ் மூவரும் எழுதிய கட்டுரை இதற்குச் 'சாரம்' என்ற உருவகத்தைத் தந்தது. கட்டடம் எழும்வரை சாரம் நிற்கும், எழுந்தபின் அவிழ்க்கப்படும். மூன்று முதல் ஐந்து வயதுள்ள முப்பது குழந்தைகள் மரத்துண்டுகளை அடுக்கிக் கூம்பு கட்டுவதைப் பார்த்து, உதவுகிறவர் என்னென்ன செய்கிறார் என்று அவர்கள் பிரித்தெழுதினார்கள். ஆர்வத்தை வரவழைத்தல், வேலையைச் சின்னதாக்குதல், பாதை விலகாமல் பிடித்தல், முக்கியமானதைச் சுட்டுதல், சலிப்பைத் தணித்தல், செய்துகாட்டுதல் என்று ஆறு.

நம் வீடுகளில் இந்த ஆறும் ஒரு கட்டுக் கீரைக்குள் முடிந்துவிடும். தாம்பாளத்தில் சிறுகீரை. எதிரே இரண்டரை வயதுப் பேரன். அம்மாச்சி ஒரு பிடியை மட்டும் எடுத்து அவன் முன்னால் வைக்கிறாள்.

"இந்தா சாமி, இது உன் பங்கு. பூச்சி அரிச்சதை இந்தப் பக்கம் ஒதுக்கு."

அவன் நல்ல இலையையும் சேர்த்து ஒதுக்குகிறான். அவள் திட்டவில்லை, ஓர் ஓட்டை இலையைத் தூக்கி வெளிச்சத்தில் காட்டுகிறாள். ஓட்டை வழியே அவளைப் பார்த்து அவன் சிரிக்கிறான்.

"தாத்தாவுக்குப் பல்லு இருக்கா?"

"இல்ல."

"அப்ப முத்தின தண்டை என்ன பண்ணலாம்?"

யோசித்து, "கன்னுக்குட்டிக்கு" என்கிறான்.

அவள் பதிலைச் சொல்லித் தரவில்லை, கேள்வியாகக் கேட்டாள் என்பதைக் கவனியுங்கள். சீலியா பிரவுனெல்லும் அவருடைய குழுவினரும் 2013இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் சொல்கிறது. படப்புத்தகம் பார்க்கும்போது பிறருடைய உணர்வைப் பற்றித் தாங்களே பேசிக்கொண்டே போன பெற்றோரைவிட, குழந்தையைப் பேசவைத்த பெற்றோரின் பிள்ளைகளே பகிர்வதிலும் உதவுவதிலும் முந்தினார்கள். தாத்தாவின் பல்லில்லாத வாயை நினைத்துப் பார்க்க வைத்ததுதான் அங்கே நடந்த பாடம். கீரை ஆய்வது அதற்கொரு சாக்கு.

ஆனால் அந்த ஆய்வுக்கூடத்தில் அடுப்பில் பால் பொங்கவில்லை. மரத்துண்டு அடுக்கவைத்தவருக்கு அதைத் தவிர வேறு வேலையில்லை. அம்மாச்சிக்குப் பத்து நிமிடத்தில் முடிகிற கீரை அன்றைக்கு அரைமணி நேரம் பிடித்தது. கூடுதலான அந்த இருபது நிமிடம்தான் பேரனின் சமூக வளர்ச்சி. அதை யார் கொடுத்தார்கள், எதிலிருந்து எடுத்துக் கொடுத்தார்கள் என்று அந்தக் கையேடுகள் கேட்பதில்லை.

ஹாரியட் ரைங்கோல்ட் என்ற அமெரிக்க உளவியலாளர் 1982இல் இதைத் தொட்டுக் காட்டினார். ஒன்றரை வயதிலிருந்து இரண்டரை வயதுவரையுள்ள குழந்தைகளை, பெரியவர்கள் துணி மடிக்கும் இடத்திலும் குப்பை கூட்டும் இடத்திலும் விட்டுப் பார்த்தார். சொல்லாமலே கைகொடுக்க வந்தார்கள். வீட்டிலோ குழந்தை தூங்கும் நேரம் பார்த்து வேலைகளை முடித்துவிடும் பெற்றோரும் இருந்தார்கள். பிள்ளை உதவ வந்தால் அது இடைஞ்சல். இதைப் படித்துவிட்டு அந்தத் தாய்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. நேரமில்லாதவள் குழந்தையின் உதவியை ஏற்றுக்கொள்ள முடியாது. அது உதவியல்ல, கூடுதல் வேலை. அவளுக்கு நேரத்தை மீட்டுத் தராமல் பொறுமையை மட்டும் கேட்பது, அவள் தலையில் இன்னொரு சுமையைத் தூக்கி வைப்பதுதான்.

இந்தத் துறையில் நான் மதிக்கும் பெயர் பார்பரா ரோகாஃப். அவரும் அவரோடு சேர்ந்தவர்களும் 1993இல் வெளியிட்ட நூல், குவாத்தமாலாவின் மாயா ஊரான சான் பெத்ரோ, துருக்கியின் கெச்சியோரன், இந்தியாவின் தோல்-கி-பட்டி என்ற பழங்குடி ஊர், அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டி ஆகிய நான்கு இடங்களின் சின்னஞ்சிறு குழந்தைகளையும் அவர்களை வளர்ப்பவர்களையும் ஒப்பிட்டது. நடுத்தர வர்க்க வீடுகளில் பெரியவர்கள் பாடம் நடத்துவதுபோலப் பேசினார்கள், ஆர்வத்தைக் கூட்டிக் காட்டினார்கள். மாயா ஊரிலும் தோல்-கி-பட்டியிலும் பெரியவர்கள் அவ்வளவு பேசவில்லை. தங்கள் வேலையைச் செய்துகொண்டே, தேவைப்பட்டால் கைநீட்டத் தயாராக இருந்தார்கள். குழந்தைகளும் ஒரே நேரத்தில் பலதைக் கூர்ந்து பார்த்தார்கள். படிக்காத தாயிடம் சொல்லிக்கொடுக்கும் முறை இல்லை என்ற ஏளனத்தை இந்த நூல் உடைக்கிறது. அதற்காக அதை என் மாணவிகளுக்குப் பரிந்துரைப்பேன்.

ஆனால் தமிழ்நாட்டிலிருந்து படிக்கும்போது ஓரிடத்தில் நிற்க வேண்டியிருக்கிறது. பெரியவர் செய்யும் வேலையில் பிள்ளை கலந்துகொண்டு கற்பது அழகுதான். ஆனால் எந்தப் பெரியவர்? எந்த வேலை? 1953இல் ராஜாஜி அரசு கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டம் பள்ளி நேரத்தைப் பாதியாக்கி, மீதி நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்கட்டும் என்றது. அதைக் 'குலக்கல்வி' என்று பெயரிட்டு எதிர்த்தார்கள். 1954இல் காமராஜர் முதல்வரானபின் அது கைவிடப்பட்டது. மலமள்ளும் வீட்டுப் பிள்ளை அப்பாவோடு சேர்ந்து செய்து கற்க வேண்டியது எது என்று கேட்ட நிலம் இது. எனவே சேர்ந்து வேலை செய்வதை இங்கே யார் புகழ்ந்தாலும், அந்த வேலை பிள்ளைக்குக் கதவா, பூட்டா என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

சாதிக்கு இருந்த அந்தப் பூட்டு பெண்பிள்ளைக்கு வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. அதற்கு எதிராக எந்த ஊரிலும் ஊர்வலம் போகவில்லை.

நம் இலக்கியம் குழந்தையையும் உணவையும் சேர்த்துப் பாடிய இடங்களைப் பாருங்கள். பாண்டியன் அறிவுடைநம்பியின் புறநானூற்றுப் பாடலில் (188) குழந்தை குறுகுறுவென நடந்து வந்து சோற்றைத் தொட்டு, கவ்வி, துழாவி, மேலெல்லாம் பூசிக்கொள்கிறது. அந்தப் பிள்ளை இல்லாத வாழ்வுக்குப் பயனில்லை என்கிறான் அரசன். பிள்ளையின் கைபட்டுக் குழம்பிய கூழ் அமிழ்தத்தைவிட இனிது என்கிறார் வள்ளுவர். இரண்டும் எனக்குப் பிடித்தவை. பிள்ளை கைவிட்டுக் கலைப்பதைப் பொறுத்துக்கொள்வதல்ல, கொண்டாடுவது என்ற மனம் அதில் இருக்கிறது. ஆனால் சிந்திய சோற்றைத் துடைத்தவள் இரண்டிலும் இல்லை. பொன்முடியார் என்ற பெண் புலவர் பாடிய 312ஆம் பாட்டில் அவள் முதலடியிலேயே வருகிறாள்: பெற்று வளர்ப்பது தாயின் கடமை. சான்றோனாக்குவது தந்தைக்குப் போய்விடுகிறது. எல்லாரையும் நினைத்துப் பார்க்கும் குணம்தான் சான்றாண்மையின் வேர் என்றால், அது ஊன்றப்பட்டது கீரைத் தாம்பாளத்தின் அருகில்தான். ஆனால் அந்தப் பெருமை தந்தையின் கணக்கில் வரவு வைக்கப்பட்டது.

இனி, பிள்ளைகள் தமக்குள் விளையாடும் இடம். பிள்ளைத்தமிழின் கடைசி மூன்று பருவங்கள் ஆணுக்கு வேறு, பெண்ணுக்கு வேறு. ஆண்பாற் பிள்ளைத்தமிழில் சிற்றில், சிறுபறை, சிறுதேர். பெண்பாலுக்குப் பெரும்பாலும் அம்மானை, நீராடல், ஊசல். சிற்றில் என்பது சிறுமியர் மணலில் கட்டும் சின்ன வீடு. அந்தப் பருவத்தில் பாட்டுடைத் தலைவன் அதைக் கட்டுவதில்லை. காலால் அழிக்க வருகிறான். சிதைக்காதே என்று சிறுமியர் கெஞ்சுவதுதான் பாட்டு. வீடு கட்டுவது ஒரு பாலின் விளையாட்டு, அழிப்பது மற்றொரு பாலின் விளையாட்டு. கட்டியவள் கெஞ்ச வேண்டும். அழிப்பவனுக்கு அது திருவிளையாடல்.

கலித்தொகையின் 51ஆம் பாட்டு இன்னும் நுட்பமானது. சின்ன வயதில் மணல்வீட்டை மிதித்து, மாலையைப் பிடுங்கி, பந்தை எடுத்துக்கொண்டு ஓடியவன், வளர்ந்தபின் தண்ணீர் கேட்டு வந்து அவள் கையைப் பிடிக்கிறான். அலறியவள், அம்மா ஓடிவந்ததும், தண்ணீர் குடிக்கையில் அவனுக்கு விக்கல் வந்ததாகச் சொல்லிச் சமாளிக்கிறாள். நாடகச் சுவை மிக்க பாட்டு என்று கல்லூரிகளில் நாம் சிரித்துக்கொண்டே நடத்துவது இது. சுவை இருக்கிறது, அவளுக்கும் அவன்மேல் விருப்பம் இருக்கிறது. ஆனாலும், அன்று மணல்வீட்டை மிதித்தவனிடம் "வா, நீயும் ஒரு கை மணல் அள்ளு" என்று சொல்ல அந்தப் பாட்டில் பெரியவர் யாரும் இல்லை. மிதிக்கப்பட்டவள் கற்றது என்ன? அவன் செய்ததற்கு அவள் காரணம் கண்டுபிடித்துச் சொல்வது. அவனைக் காப்பாற்றும் சமூகத் திறமை அவளிடம் வளர்ந்திருக்கிறது.

இந்தப் பாட்டை நடத்திய ஒரு நாள், வீட்டில் உங்களுக்கு முதலில் தந்த வேலை எது என்று வகுப்பில் கேட்டேன். மாணவிகள் வாசல் கூட்டுவது, பாத்திரம் விளக்குவது, தம்பியைப் பார்த்துக்கொள்வது என்றார்கள். மாணவர்கள் ஏறக்குறைய எல்லாரும் கடைக்குப் போய்வருவது என்றார்கள். கடைக்குப் போகும் வேலைக்கு முடிவு உண்டு, மீதிச் சில்லறைக்கு மிட்டாயும் உண்டு. வாசல் மறுநாளும் இருக்கும். ஒரு மாணவி சொன்னாள்: "எனக்கு வேலை தெரியாதுன்னு தம்பி சொல்லிடுறான் மேடம். எனக்கு அப்படிச் சொல்லத் தெரியல."

அவள் சொன்னதில் இரண்டு இழப்புகள் இருக்கின்றன. பெண்பிள்ளைக்கு வேலை மிகச் சீக்கிரம் கடமையாகிறது. மனமுவந்து உதவும் பருவத்திலேயே அது அவளிடம் எதிர்பார்க்கப்படுவதால், உதவுவதா வேண்டாமா என்று தேர்ந்துகொள்ளும் இடம் அவளுக்குக் கிடைப்பதில்லை. ஆண்பிள்ளையின் இழப்பை நாம் சலுகை என்று அழைக்கிறோம். "ஆம்பளப் புள்ளைக்கு அடுப்படியில என்ன வேலை?" என்று விரட்டும்போது, அவன் இழப்பது சமையல் மட்டுமல்ல. யாருக்கு எது கடிக்க முடியாது, யார் இன்னும் சாப்பிடவில்லை, யார் முகம் வாடியிருக்கிறது என்று பார்க்கப் பழகும் இடத்தையே அவனுக்கு மூடிவிடுகிறோம். இருபத்தைந்து வயதில் அவன் மனைவி அதைக் கற்பிக்க முயன்று தோற்கிறாள். அப்போது அதற்குக் குடும்பத் தகராறு என்று பெயர்.

எந்த வேலை கதவு, எது பூட்டு என்று பிரித்தறிய எனக்குத் தெரிந்த சோதனை எளியது. வேலை சுற்றிவர வேண்டும்: இன்று அவள் கூட்டினால் நாளை அவன். பிள்ளை "இப்ப வேண்டாம்" என்று சொல்ல முடிய வேண்டும். பிள்ளை சொல்லும் யோசனையால் வேலை செய்யும் முறை கொஞ்சமாவது மாற வேண்டும். நான்காவதாக, கற்றுத்தருகிறவர் எப்போதும் பெண்ணாக இருக்கக் கூடாது. அப்பாவோடு கீரை ஆயும் பையன், தாத்தாவின் பல்லைப் பற்றி மட்டுமல்ல, ஆணின் கை எங்கெல்லாம் இருக்கலாம் என்பதைப் பற்றியும் கற்கிறான்.

வீட்டுக்கு வெளியேயும் இதே கணக்குதான். 1975 அக்டோபர் 2 அன்று தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டம் அங்கன்வாடிகளை உருவாக்கியது. ஒரே பாயில் உட்காரவைத்து, முறைவைத்துத் தண்ணீர் குடிக்கவும் தட்டைக் கழுவி அடுக்கவும் பிள்ளைகளுக்குப் பழக்குகிறவர்கள் அங்கே பெண்கள். அவர்கள் பெறுவதற்குச் சம்பளம் என்று பெயரில்லை, மதிப்பூதியம். அவர்களுக்குப் பணிக்கொடை உண்டு என்று உச்ச நீதிமன்றம் சொல்ல 2022 ஏப்ரல் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. குழந்தையின் முதல் ஆறு ஆண்டுகள் எவ்வளவு முக்கியம் என்று மேடைகளில் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்த 'மதிப்பூதியம்' என்ற சொல் நினைவுக்கு வருகிறது. மதிப்பு சொல்லோடு நின்றுவிட்டது.

தமிழில் கீரையையும் ஆய்கிறோம், நூலையும் ஆய்கிறோம். நல்லதைத் தெரிந்தெடுத்து அல்லாததை ஒதுக்குவது இரண்டுக்கும் பொது. ஒன்றுக்கு முனைவர் பட்டம் தருகிறார்கள். மற்றதற்கு யாரும் பெயர்கூட வைக்கவில்லை. பல்கலைக்கழகத்துக்கு வரும் எல்லா மாணவருக்கும் முதல் பாடத்தை நடத்தி அனுப்பியவள் அந்த இரண்டாமவள். அவளைப் 'பராமரிப்பாளர்' என்று எழுதும்போது, அவளுக்கு ஒரு நாளில் எத்தனை நிமிடம் மிஞ்சுகிறது என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள்.