மணி அடித்த பிறகு உள்ளே போனவர்கள்

ப்ளஸ் டூ முடித்த பிள்ளைகளுக்காக மே மாதம் நடத்துகிற வழிகாட்டி முகாம்களில் பேச என்னையும் கூப்பிடுகிறார்கள். எனக்கு முன்னால் பேசுகிறவர் தவறாமல் ஒன்று சொல்வார்: "பயப்படாதீங்க. தன்னம்பிக்கை இருந்தா போதும், எல்லாம் தானா வரும்." கை தட்டுவார்கள். பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிற நம்ம பிள்ளைகளும் தட்டுவார்கள். எல்லாம் முடிந்து ஜமக்காளத்தைச் சுருட்டுகிற நேரத்தில் அவர்களில் ஒருத்தி கிட்டே வந்து மெதுவாகக் கேட்பாள்: "அக்கா, காலேஜ்ல சாதி கேப்பாங்களா?"

தன்னம்பிக்கை வியாபாரிகளிடம் இதற்குப் பதில் கிடையாது. தலித் தன்வரலாறுகளில் இருக்கிறது. ஆனால் இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு அந்தப் பிரதிகளை நாம் வாசித்ததே இல்லை. தலித் அல்லாத விமர்சகர்கள் அவற்றைப் 'புலம்பல்' என்றார்கள். நாம் 'கலகம்' என்று பதில் சொன்னோம். பதினேழு வயதுப் பிள்ளை ஒன்று கல்லூரி வாசலில் கால் நடுங்க நிற்கும்போது இந்தச் சண்டையில் அதற்கு எடுத்துக்கொள்ள என்ன இருக்கிறது என்று இரு தரப்பும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. அதனால் நடந்த ஒரு தவறைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

இரட்டைமலை சீனிவாசனிலிருந்து தொடங்கலாம். 1893இல் 'பறையன்' பத்திரிகை தொடங்கியவர், வட்டமேசை மாநாட்டில் அம்பேத்கரோடு உட்கார்ந்தவர் என்று அவரை மேடைதோறும் சொல்கிறோம். 1939இல் வெளிவந்த அவருடைய 'ஜீவிய சரித்திர சுருக்கம்' மிகச் சிறிய நூல். அதில் தன் படிப்புக் காலத்தைச் சில வரிகளில் முடித்துவிடுகிறார். கோயம்புத்தூரில் அவர் படித்த கலாசாலையில் ஏறக்குறைய 400 பிள்ளைகள். பத்துப் பேர் போக மிச்சம் எல்லாம் பிராமணப் பிள்ளைகள். பழகினால் என்ன சாதி, எந்தக் குடும்பம், எங்கே வீடு என்று கேட்பார்கள், தெரிந்தால் கேவலமாக நடத்துவார்கள். அதற்குப் பயந்து வெளியே எங்காவது உட்கார்ந்து படித்துக்கொண்டிருப்பார். மணி அடித்த பிறகுதான் வகுப்புக்குள் போவார். வகுப்பு விட்டதும் யாரும் கூட வந்து சேர்ந்துவிடாதபடி வேகவேகமாக நடந்து வீட்டுக்குப் போய்விடுவார்.

இதை எழுதும்போது அவருக்கு எண்பது வயதை ஒட்டியிருக்கும். அரசு கொடுத்த பட்டங்கள் பெயருக்கு முன்னால் இருந்தன. மறைத்திருக்கலாம், மறைக்கவில்லை. பயத்தை வென்று சாதித்தேன் என்று மார்தட்டவும் இல்லை. பயந்தேன், இப்படிச் செய்து படித்தேன் என்று சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுகிறார். வட்டமேசைக்குப் போன சீனிவாசனுக்குச் சுவரொட்டி அடிக்கிற நாம், மணிச் சத்தத்துக்காகக் காத்திருந்த அந்தப் பையனைப் பிள்ளைகளிடம் கொண்டுபோகவில்லை. தலைவர் பயந்தார் என்று சொல்ல நமக்குக் கூச்சம்.

2008இல் நான் பி.ஏ. தமிழ் சேர்ந்தேன். முதல் வாரத்தில் எல்லாரும் கேட்ட கேள்வி, "எந்த ஊர்?" ஊர்ப் பெயரைச் சொன்னால் அடுத்தது, "ஊரா, காலனியா?" மூன்றாம் நாளிலிருந்து கல்லூரிக்கு ஒரு ஸ்டாப்பிங் முன்னாலேயே இறங்கி, மெதுவாக நடந்து, வகுப்பு தொடங்குகிற நேரத்துக்குப் போக ஆரம்பித்தேன். எங்கள் ஊர்ப் பிள்ளைகளோடு சேர்ந்து இறங்கினால் தெரிந்துவிடுமே என்ற பயம். எனக்கு என்னவோ கோளாறு, மற்றவர்களுக்கு இருக்கிற துணிச்சல் எனக்கு இல்லை என்றுதான் அப்போது நினைத்தேன். எம்.ஏ. படிக்கும்போது சீனிவாசனின் நூல் கைக்கு வந்தது. அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு நூலகத்தில் அப்படியே உட்கார்ந்திருந்தேன். நூறு வருசத்துக்கும் முன்னால் ஒருவர் கண்டுபிடித்த வழியை, யாரும் சொல்லிக்கொடுக்காமல் நானும் கண்டுபிடித்திருக்கிறேன். அப்படியானால் கோளாறு என்னிடம் இல்லை.

அடுத்தது பாமாவின் 'கருக்கு' (1992). கல்லூரியில் அரிஜன மாணவிகள் எழுந்து நிற்க வேண்டும், அவர்களுக்கு அரசு தனி டியூஷன் ஏற்பாடு செய்திருக்கிறது என்று அறிவிப்பு வருகிறது. இரண்டு பேர் எழுந்து நிற்கிறார்கள். வகுப்பில் ஏளனச் சலசலப்பு. கதைசொல்லிக்குக் கோபம் பொங்குகிறது. உங்கள் டியூஷனும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று மறுத்துவிட்டு உட்கார்ந்துவிடுகிறாள். நம் கட்டுரைகள் எல்லாம் இந்த இடத்தில்தான் நிற்கும். நானும் எத்தனையோ கூட்டங்களில் இந்தக் காட்சியைச் சொல்லிக் கைதட்டு வாங்கியிருக்கிறேன்.

எங்கள் காலனியில் மாலை வகுப்பு நடத்துகிறோம். அங்கே படித்த ஒரு பெண் ப்ளஸ் டூவில் நல்ல மார்க். கல்லூரி என்றாலே மிரண்டாள். 'கருக்'கைக் கையில் கொடுத்து, இந்தக் காட்சியையும் விளக்கி, "இப்படி நிமிர்ந்து நிக்கணும்" என்றேன். புத்தகத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் கழித்து வந்து கேட்டாள்: "அந்த டியூஷன வேணாம்னு சொல்லிட்டா, அப்புறம் புரியாத பாடத்த யாருக்கா சொல்லிக் குடுப்பாங்க? கூட எழுந்து நின்னுதே ஒரு பொண்ணு, அது இன்னா பண்ணுச்சு?"

எனக்குப் பதில் தெரியவில்லை. "தைரியமா இரு, பாத்துக்கலாம்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். முகாம் மேடையில் நான் கேலி செய்கிற அதே வசனம், என் வாயிலிருந்தே வந்தது. அந்த ஜூனில் அவள் கல்லூரியில் சேரவில்லை. சென்னையில் ஒரு துணிக்கடைக்கு வேலைக்குப் போய்விட்டாள். "அம்மாம் பேரு முன்னால எழுந்து நிக்க என்னால ஆவாதுக்கா" என்று போனில் சொன்னாள்.

அவள் கேட்டது நல்ல விமர்சனக் கேள்வி என்று பிறகுதான் உறைத்தது. கூட எழுந்து நின்ற அந்த இன்னொரு மாணவியைப் பற்றி நம் விமர்சனத்தில் நான் ஒரு வரிகூடப் படித்ததில்லை. மறுத்தவளைக் கொண்டாடினோம். தனி டியூஷனுக்குப் போனவள், போகக் கூசியவள், படிப்பை விட்டவள் யாரும் நம் கணக்கில் வரவில்லை. அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் ஒருத்தியின் கோபத்தை எல்லாப் பிள்ளைகளுக்கும் பரீட்சையாக வைத்தது நம் வாசிப்பு செய்த தவறு. அதே 'கருக்கு', கல்லூரி விருந்துக்குக் கட்டிப்போக நல்ல புடவை இல்லாமல் அவள் குளியலறைக்குள் ஒளிந்துகொண்டதையும் சொல்கிறது. எழுந்து நின்று மறுத்தவளும் ஒளிந்தவளும் ஒரே ஆள்தான். பாமா இரண்டையும் எழுதினார். நாம் பாதியைத்தான் மேடைக்கு எடுத்துப்போனோம்.

'கருக்'கில் அந்தப் பெண்ணுக்கு நான் காட்டியிருக்க வேண்டிய இடம் வேறு. தெருப் பெரியவர் ஒருவர் பலகாரப் பொட்டலத்தைக் கையால் தொடாமல் கயிற்றில் தொங்கவிட்டு நாயக்கருக்குக் கொண்டுபோகிறார். சின்னப் பிள்ளைக்கு அது சிரிப்பாக இருக்கிறது. அண்ணன்தான் விளக்குகிறார்: அதில் சிரிக்க ஒன்றுமில்லை, அதன் பெயர் தீண்டாமை. வேறொரு சமயம், படித்து முன்னேறினால்தான் இந்த அவமானத்தைத் தூக்கி எறியலாம், அதனால் கவனமாகப் படி என்கிறார். என்ன நடக்கிறது, ஏன் நடக்கிறது என்று அண்ணன் எடுத்துச் சொன்ன பிறகு வருகிற 'படி' அது. தன்னம்பிக்கைக்காரரின் 'பயப்படாதே'வில் இந்த விளக்கம் கிடையாது. விளக்கம் இல்லாமல் தைரியம் சொன்னால் பிள்ளை பயத்தைத் தன் குறையாக எடுத்துக்கொள்ளும். நான் எடுத்துக்கொண்டது மாதிரி.

ராஜ் கௌதமன் 'சிலுவைராஜ் சரித்திர'த்தில் (2002) இன்னொரு வழியைக் காட்டினார். அங்கே பள்ளி, விடுதி, கல்லூரி எல்லாவற்றையும் நக்கலடிக்கிறது எழுத்து. தன்னையும் சேர்த்தே நக்கலடிக்கிறது. மாலை வகுப்பில் அதை வாசித்தால் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். அந்தப் பெரிய கட்டடமும் அதிலிருக்கிற பெரிய மனுசர்களும் கொஞ்சம் சின்னதாகிவிடுகிறார்கள். ஒதுங்கியிருந்து படிப்பது, மறுப்பது, கேலி செய்வது, எல்லாமே வழிதான். இதுதான் வீரம், அது கோழைத்தனம் என்று தரம் பிரிக்க விமர்சகர் யார்?

அரசு இப்போது சில காரியங்கள் செய்கிறது. நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில் ப்ளஸ் டூ மாணவன் ஒருவன் சக மாணவர்களால் வீடு புகுந்து வெட்டப்பட்ட பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. வருகைப் பதிவேட்டில் மாணவர் சாதி இருக்கக்கூடாது என்று அது பரிந்துரைத்தது. அரசு ஆவணங்களிலிருந்து 'காலனி' என்ற சொல் நீக்கப்படும் என்று 2025 ஏப்ரலில் அறிவிப்பு வந்தது. அரசு நல விடுதிகள் இனி 'சமூகநீதி விடுதி' என்று 2025 ஜூலையில் அறிவித்தார்கள். வரவேற்கிறோம். ஆனால் ஆவணத்தில் காலனி போனாலும் "எந்தப் பக்கம் வீடு?" என்று கேட்கிற வாய் போகவில்லை. கேட்கிறவனுக்கு ஒரு முகாமும் நடப்பதில்லை. பயப்படுகிறவருக்குத்தான் நடக்கிறது. இதைச் சொல்லாத எந்த வழிகாட்டியும் பாதி வழிகாட்டிதான்.

அடுத்த வருசம் நாங்கள் வேறு மாதிரி செய்தோம். துணிக்கடையிலிருந்து பொங்கலுக்கு வந்தவளோடு உட்கார்ந்து பேசினோம். சாதி கேட்பார்களா என்றால், கேட்பார்கள் என்றே சொன்னோம். யார் கேட்பார்கள், எப்படிக் கேட்பார்கள், சொல்லலாம், சொல்லாமலும் இருக்கலாம், ரெண்டும் தப்பில்லை என்று சொன்னோம். போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை பிச்சை இல்லை, நம் சட்ட உரிமை. பெற்றோர் வருமானம் வருசத்துக்கு இரண்டரை லட்சத்துக்குள் இருந்தால் விண்ணப்பிக்கலாம் என்று உட்கார்ந்து படிவம் நிரப்பினோம். அரசுப் பள்ளியில் படித்தவள் என்பதால் 'புதுமைப் பெண்' திட்டத்தின் மாதம் 1000 ரூபாய்க்கும் எழுதினோம். தாலுக்கா ஆபீசுக்கு அவள் அம்மாவோடு நாங்கள் ரெண்டு பேர் போனோம். கல்லூரி திறக்கிற அன்று அதே கல்லூரியில் மூன்றாம் வருசம் படிக்கிற நம்ம பிள்ளை ஒருத்தி அவளோடு ஒரே பஸ்சில் போனாள். முதல் மாதம் முழுக்க அப்படித்தான். 1907இல் மெட்ரிகுலேஷன் தேறிய அம்பேத்கருக்கும் கேளுஸ்கர் என்ற ஆசிரியர் பரோடா மன்னரிடம் பேசி மாதம் 25 ரூபாய் உதவித்தொகைக்கு வழி செய்தார். பயப்படாதே என்று சொல்வது சுலபம், செலவில்லை. கூடப் போவதற்கு நாளும் காசும் ஆகும்.

அவள் இப்போது இரண்டாம் வருசம். பயம் போய்விட்டதா என்று போன வாரம் கேட்டேன். "எங்கக்கா போவுது" என்று சிரித்தாள். "அசைன்மென்ட் இருக்குதுக்கா" என்று கிளம்பிவிட்டாள்.

எழுதுகிற தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். வென்று வந்த கதைகள் நம்மிடம் ஓரளவு இருக்கின்றன. எழுந்து நின்ற அந்த இரண்டாவது பெண்ணின் கதை வேண்டும். ஒரு ஸ்டாப்பிங் முன்னால் இறங்கியவர்கள், டியூஷனுக்குப் போனவர்கள், முதல் மாதத்திலேயே டி.சி. வாங்கிக்கொண்டு திரும்பியவர்கள் எழுத வேண்டும். நன்றாக எழுத வராது என்று கூச வேண்டாம். சீனிவாசன் சில வரிகள்தான் எழுதினார். அது எனக்கு அவ்வளவு உதவியது.