அடியும் நம்பிக்கையும்: மக்கறென்கோவின் நாவல் பற்றிய ஒரு நோக்கு

வகுப்பிலே மாணவன் எல்லை மீறும் கணத்தில் ஆசிரியர் எவ்வாறு நடந்துகொள்ளல் வேண்டும் என்பது கல்வியியல் நூல்களிற் பெரும்பாலும் விதிகளாகவே கூறப்படுகின்றது. அக்கணத்தை வாழ்ந்த அனுபவமாகக் காட்டும் படைப்புகளுள் அன்ரன் மக்கறென்கோவின் (1888–1939) 'கற்பித்தற் காவியம்' என்னும் நாவல் தலையாயது. 1920 இல் உக்ரேனின் பொல்தாவா நகருக்கு அண்மையில், குற்றமிழைத்த இளைஞருக்கென அமைந்த குடியிருப்பொன்றைப் பொறுப்பேற்று நடத்திய அனுபவத்தை அவர் இந்நாவலாக்கினார். இது 1933க்கும் 1935க்கும் இடையிற் பகுதி பகுதியாக வெளிவந்தது. மாணவரை அடிப்பதற்கு இதனைச் சான்றாகக் கொள்ளவும் இடமுண்டு. அவ்வாசிப்புப் பொருந்துமா என்பதே இங்கு நோக்கப்படுகின்றது.

டிசம்பர் 4 ஆந் திகதி முதல் ஆறு இளைஞர் வந்து சேர்கின்றனர். அவர்கள் ஆசிரியர்களை ஒரு பொருட்டாகவே மதிப்பதில்லை. குளிர்காலத்தில் ஒருநாள், சமையலறைக்கு விறகு வெட்டுமாறு பணிக்கப்பட்ட சடோறொவ், மக்கறென்கோவை ஒருமையில் விளித்து மறுக்கின்றான். பொறுமையிழந்த மக்கறென்கோ அவனை மீண்டும் மீண்டும் அறைகின்றார். பின்னர் அனைவரும் கோடரிகளுடன் காட்டுக்குச் செல்கின்றனர். ஆசிரியரும் உடன் சென்று மரம் வெட்டுகின்றார். ஓய்வு வேளையில் தம்மிடமிருந்த புகையிலையை அவர்களுக்குப் பகிர்ந்தளிக்கின்றார்.

அடித்தவரை விரும்புவது அடிமை மனப்பான்மையன்றோ எனச் சக ஆசிரியை ஐயுறுகின்றார். மக்கறென்கோ அதனை மறுக்கின்றார்: சடோறொவ் தம்மினும் வலியவன், அச்சத்தால் அவன் பணியவில்லை. அவனைத் திருத்தமுடியாதவனெனத் திருப்பியனுப்பும் அலுவலக வழியை விடுத்துத் தமக்கே ஆபத்தான, ஆயினும் மனிதத்தன்மையுள்ள ஒரு செயலிலே தாம் இறங்கியதை இளைஞர் உணர்ந்துகொண்டனர் என்பது அவரது விளக்கம்.

இவ்விளக்கம் வலிமையானது; ஆயினும் முழுமையானதன்று. அடித்தவரே இங்கு கதைசொல்லியாகவும் அமைகின்றார். அடிபட்டவனின் உள்ளம் அவர் எழுத்தினூடாக மட்டுமே நமக்குப் புலப்படுகின்றது. மேலும், இவ்விளக்கத்தை ஏற்பவர் பிரம்பை ஏற்றல் இயலாது. மேசைமீது பிரம்பு ஆயத்தமாக உள்ள வகுப்பில் ஆசிரியர் எவ்வித ஆபத்தையும் எதிர்கொள்வதில்லை. பத்து வயதுப் பிள்ளை திருப்பியடிக்கப் போவதுமில்லை. ஒரு மனிதனின் நிலைகுலைவாக நேர்ந்தது நாள்தோறும் கையாளும் முறையாகும்போது, மக்கறென்கோ வெறுத்த அலுவலக நடைமுறையாகவே அதுவும் மாறிவிடுகின்றது. அக்குடியிருப்பின் தண்டனை முறைகளை 1928 இற் குறுப்ஸ்காயா பகிரங்கமாகக் கண்டித்தமையும் மனங்கொளத்தக்கது.

நாவல் தரும் உண்மையான விடை பிறிதோரிடத்தில் உள்ளது. முன்னர் களவில் ஈடுபட்ட கரபானொவ் என்பவனை, முதலில் 500 ரூபிளும் பின்னர் 2000 ரூபிளும் பெற்றுவருமாறு மக்கறென்கோ தனியே அனுப்புகின்றார். அவன் கொண்டுவந்த பணத்தை எண்ணிப்பார்க்கவும் அவர் முற்படுவதில்லை. கரபானொவ் கலங்கிப்போகின்றான். தன்னை ஒருவர் நம்புவதை அவனால் முதலில் நம்பவே முடியவில்லை. இங்கும் ஆசிரியர் ஆபத்தை ஏற்கின்றார். ஆனால் அதன் வலியை மாணவனின் உடல் சுமக்கவில்லை. சடோறொவ் நிகழ்ச்சியிலுங்கூட, மாற்றத்துக்கு வித்திட்டது அறையா, காட்டிலே சேர்ந்து செய்த உழைப்பா என்ற வினாவை இப்பகுதி எழுப்பிவிடுகின்றது.

இலங்கையில் 2005/17 ஆம் இலக்கச் சுற்றறிக்கை பாடசாலைகளில் உடற்றண்டனையை விலக்கியது. சுற்றறிக்கை பிரம்பை அகற்றச் சொல்லும்; அதனிடத்தில் எதனை வைப்பதென அது கற்பிக்கமாட்டாது. ஆசிரிய பயிற்சி பெறுவோர் இந்நாவலைச் சடோறொவ்வுடன் நிறுத்திவிடாது, கரபானொவ் வரையேனும் படித்தல் வேண்டும்.